30 சதவீத ஓட்டு, ஒரே ஒரு சீட்: காமராஜர் வாழ்க்கை சொல்லும் தேர்தல் கணக்கு

காமராஜர்னு சொன்னதும் நமக்கு என்ன ஞாபகம் வரும்? மதிய உணவு, பள்ளிக்கூடம், அணைக்கட்டு, கதர் சட்டை. ஸ்கூல் பேச்சுப் போட்டியில பாதிப் பேர் மனப்பாடம் பண்ணி ஒப்பிச்சது இதைத்தான். எல்லாம் உண்மைதான். ஆனா அவர் வாழ்க்கையில இன்னொரு பாதி இருக்கு. 1967க்கு அப்புறம் வர்ற பாதி. அதைப் பத்தி நாம அதிகம் பேசுறதில்லை. தோத்துப்போன கதைன்னு நினைச்சு விட்டுடுறோம். ஆனா தமிழ்நாட்டுல ஏன் எப்பவும் ரெண்டே ரெண்டு பக்கம்தான் இருக்கு, மூணாவது ஆளுக்கு விழுற ஓட்டு எங்கே போகுதுன்னு தெரிஞ்சுக்கணும்னா அந்தப் பாதியைத்தான் படிக்கணும். அதுல நம்ம திண்டுக்கல்லுக்கும் ஒரு முக்கியமான இடம் இருக்கு.

விருதுபட்டியில இருந்து சிறைக்கு

1903 ஜூலை 15ஆம் தேதி விருதுபட்டியில, அதாவது இன்றைய விருதுநகர்ல, குமாரசாமி - சிவகாமி அம்மாள் தம்பதிக்குப் பிறந்தவர் காமராஜர். சின்ன வயசுலேயே அப்பா இறந்துட்டார். படிப்பு பாதியில நின்னு போச்சு. மாமாவோட துணிக்கடையில வேலைக்கு உட்கார வெச்சாங்க. 1919 ஜாலியன்வாலா பாக் படுகொலைச் செய்தி அந்தப் பையனை காங்கிரஸ் பக்கம் இழுத்தது. 1930 உப்பு சத்தியாகிரகத்தில் முதல் முறையா சிறை. அதுக்கப்புறம் பல தடவை. மொத்தமா கூட்டினா ஏறக்குறைய ஒன்பது வருஷம் சிறையில் கழிந்தது.

தீரர் சத்தியமூர்த்திதான் அவருக்கு அரசியல் குரு. 1940ல் தமிழ்நாடு காங்கிரஸ் தலைவர் தேர்தல்ல ராஜாஜி அணி நிறுத்திய சி.பி.சுப்பையாவை எதிர்த்து நின்று, மூணே ஓட்டு வித்தியாசத்துல ஜெயித்தார். அப்போ காங்கிரஸ் என்பதே ஒரே குரல் உள்ள கட்சி கிடையாது. ராஜாஜி பக்கம், சத்தியமூர்த்தி பக்கம், சோஷலிஸ்டுகள்னு பல குரல் ஒரே கூரைக்குள்ள சண்டை போட்டுக்கிட்டு இருந்தது.

1941ல் அவர் சிறையில் இருக்கும்போதே விருதுநகர் நகராட்சித் தலைவரா தேர்ந்தெடுத்தாங்க. வெளியே வந்தவுடனே அந்தப் பதவியை ராஜினாமா செய்தார். முழு நேரமும் பார்க்க முடியாத வேலையில் பேருக்கு உட்கார அவருக்கு விருப்பமில்லை. 1942 வெள்ளையனே வெளியேறு போராட்டத்தில் மறுபடியும் சிறை, 1945ல் விடுதலை.

பல கட்சி உட்கார்ந்த சபை

1952ல் நடந்த முதல் பொதுத்தேர்தல் ஒரு சுவாரசியமான தேர்தல். அன்றைய சென்னை மாகாண சட்டசபையில் மொத்தம் 375 இடம். காங்கிரஸுக்குக் கிடைத்தது 152தான். பெரும்பான்மை இல்லை. கம்யூனிஸ்டுகள், சுயேச்சைகள், வட மாவட்டங்கள்ல பலமா இருந்த உழைப்பாளர் கட்சி, காமன்வீல் கட்சின்னு பலர் உள்ளே வந்திருந்தாங்க. உழைப்பாளர் கட்சிக்கு 19 இடம், காமன்வீல் கட்சிக்கு 6 இடம். சின்னக் கட்சிகள்தான், ஆனா அவங்களைக் கேட்காம ஆட்சி நடத்த முடியாத நிலைமை.

ராஜாஜி முதல்வரானார். அவர் கொண்டு வந்த, பாதி நாள் பள்ளி பாதி நாள் வீட்டுத்தொழில் என்ற கல்வித் திட்டத்துக்கு பெரிய எதிர்ப்பு வந்து அவர் விலக, 1954 ஏப்ரல் 13ஆம் தேதி காமராஜர் முதல்வரானார். அவரோட அமைச்சரவையில் மொத்தமே எட்டுப் பேர். அதுல யார் யார் இருந்தாங்கன்னு பார்க்கணும். தலைவர் தேர்தல்ல தன்னை எதிர்த்துப் போட்டியிட்ட சி.சுப்பிரமணியம், அவரை முன்மொழிந்த பக்தவத்சலம், காமன்வீல் கட்சியில் இருந்து மாணிக்கவேலு நாயக்கர், உழைப்பாளர் கட்சித் தலைவர் ராமசாமி படையாட்சியார். எதிர்த்தவருக்கும் இடம், சின்னக் கட்சிக்கும் இடம்.

இதை பெருந்தன்மைன்னு சொல்லுவாங்க. இருக்கலாம். ஆனா சபையில் பல பேர் இருந்த கட்டாயமும் அதுல இருக்கு. யாருக்கும் முழு பலம் இல்லாதப்போ, உட்கார்ந்து பேசித்தான் ஆகணும். மூடின பள்ளிகளைத் திறந்தது, குலக்கல்வித் திட்டம்னு எதிர்ப்பாளர்கள் பேர் வெச்ச அந்தத் திட்டத்தைக் கைவிட்டது, 1956ல் மதிய உணவுத் திட்டத்தைத் தொடங்கியது எல்லாமே, தேர்தல்ல தனிப் பெரும்பான்மை வாங்காத அந்த சபை இருந்த காலத்துல நடந்தவை. பல கட்சி இருந்தா வேலை நடக்காதுன்னு சொல்றவங்க இதைக் கொஞ்சம் யோசிக்கலாம்.

கணக்கு அவர் பக்கம் இருந்தபோது

1957 தேர்தல்ல காங்கிரஸுக்கு சுமார் 45 சதவீத ஓட்டு. கிடைத்த இடங்கள் 205ல் 151. அதாவது பாதிக்கும் குறைவான ஓட்டுக்கு கிட்டத்தட்ட முக்கால்வாசி சபை. 1962ல் சுமார் 46 சதவீதம், 206ல் 139 இடம். அதே தேர்தல்ல தி.மு.க.வுக்கு 27 சதவீதம், 50 இடம்.

ஒவ்வொரு தொகுதியிலும் யார் அதிக ஓட்டு வாங்குறாங்களோ அவங்களுக்கு முழு சீட்டு, மத்தவங்களுக்கு ஒண்ணுமில்லை. இதுதான் நம்ம முறை. இந்த முறை காமராஜருக்கு அப்போ ரொம்ப வசதியா இருந்தது. அந்த பலத்துல அவர் நல்ல வேலைகளைச் செய்தார். வைகை அணை, அமராவதி அணை, கிண்டி தொழிற்பேட்டை, திருச்சி பெல்னு நம்ம சீனியர்ஸ் இன்னைக்கும் வேலை பார்க்குற இடங்கள் பல அந்தக் காலத்துல வந்தவை. அதை மறுக்க முடியாது. ஆனா அந்த பலம் ஓட்டுல இருந்து வந்ததை விட, ஓட்டை சீட்டா மாத்துற முறையில இருந்து அதிகமா வந்ததுங்கிறதையும் மறுக்க முடியாது.

1963 அக்டோபர் 2ஆம் தேதி, கட்சியை பலப்படுத்த மூத்த தலைவர்கள் பதவி விலகணும்ங்கிற தன் திட்டப்படி முதல்வர் பதவியை விட்டார். அகில இந்திய காங்கிரஸ் தலைவரானார். நேருவுக்குப் பிறகு 1964ல் சாஸ்திரி, 1966ல் இந்திரா காந்தி பிரதமர் ஆனதுல அவர் கை இருந்தது. டெல்லியில் அவரைக் கேட்காம எதுவும் நடக்காத காலம் அது.

1967: தராசு சாய்ந்தது

பிறகு 1967 வந்தது. அரிசித் தட்டுப்பாடு, 1965 இந்தி எதிர்ப்புப் போராட்டத்தின் கோபம், எல்லாம் சேர்ந்தது. அண்ணா ஒரு பெரிய கூட்டணி கட்டினார். 1959ல் சுதந்திராக் கட்சியைத் தொடங்கியிருந்த ராஜாஜி முதல் மார்க்சிஸ்ட் கம்யூனிஸ்டுகள் வரை அதுல இருந்தாங்க. விருதுநகர்ல காமராஜரை மாணவர் தலைவர் பெ.சீனிவாசன் 1,285 ஓட்டு வித்தியாசத்துல தோற்கடிச்சார்.

மாநிலம் முழுக்க காங்கிரஸுக்கு 41 சதவீத ஓட்டு. தி.மு.க.வுக்கும் ஏறத்தாழ அதே 41தான். ஆனா தி.மு.க.வுக்கு 137 இடம், காங்கிரஸுக்கு 51. இதுல ஒரு நியாயத்தையும் சொல்லணும். தி.மு.க. எல்லாத் தொகுதியிலும் நிற்கலை, கூட்டணிக் கட்சிகளுக்கு விட்டுக்கொடுத்திருந்தது. கூட்டணி ஓட்டையும் சேர்த்தா மக்கள் ஆட்சி மாற்றத்தைத்தான் கேட்டிருக்காங்க. அதுல சந்தேகமே இல்லை. ஆனா 41 சதவீதம்னா 234 இடத்துல சுமார் 96. அந்த அளவுக்கு ஒரு எதிர்க்கட்சி உட்கார்ந்திருக்க வேண்டிய சபையில், பாதிதான் உட்கார்ந்தது. பத்து வருஷத்துக்கு முன்னாடி காமராஜருக்கு அள்ளிக் கொடுத்த அதே முறை, இப்போ அவர்கிட்ட இருந்து அள்ளிக்கிட்டது.

1969 ஜனவரியில் நாகர்கோவில் இடைத்தேர்தல்ல ஜெயித்து காமராஜர் மக்களவைக்குப் போனார். அதே வருஷக் கடைசியில காங்கிரஸ் ரெண்டா உடைஞ்சது. அவர் இந்திரா காந்திக்கு எதிரான பழைய காங்கிரஸ் பக்கம், அதாவது ஸ்தாபன காங்கிரஸ் பக்கம் நின்றார்.

1971: காணாமப் போன ஓட்டுகள்

இங்கேதான் நாம கொஞ்சம் நின்னு பார்க்கணும். 1971 மார்ச்ல சட்டசபைக்கும் மக்களவைக்கும் சேர்த்தே தேர்தல். ஒரு பக்கம் தி.மு.க.வும் இந்திரா காங்கிரஸும். இன்னொரு பக்கம் காமராஜரும் ராஜாஜியும். முப்பது வருஷமா எதிரும் புதிருமா இருந்த ரெண்டு பேரும் ஒண்ணு சேர்ந்தாங்க.

சட்டசபை முடிவு: தி.மு.க. 48.6 சதவீதம், 184 இடம். ஸ்தாபன காங்கிரஸ் 35 சதவீதம், 15 இடம்.

மூணுல ஒரு பங்குக்கும் மேல மக்கள் ஓட்டுப் போட்டிருக்காங்க. ஓட்டுக்குத் தகுந்த இடம்னா 82 பேர் உள்ளே இருந்திருக்கணும். இருந்தது 15.

மக்களவை முடிவு இன்னும் மோசம். தமிழ்நாட்டுல 39 தொகுதி. தி.மு.க.வுக்கு 35 சதவீதம், 23 இடம். இந்திரா காங்கிரஸுக்கு 12.5 சதவீதம், 9 இடம். ஸ்தாபன காங்கிரஸுக்கு 30 சதவீதத்துக்கும் மேல. இடம்? ஒண்ணே ஒண்ணு. நாகர்கோவில்ல காமராஜர் மட்டும்.

12.5 சதவீதத்துக்கு 9 எம்.பி., 30 சதவீதத்துக்கு 1 எம்.பி. இந்திரா காங்கிரஸ் அந்தத் தேர்தல்ல தமிழ்நாட்டு சட்டசபைக்கு ஒரு தொகுதியில்கூட நிற்கலை. பெரிய கட்சியோட தோள்ல ஏறினதால டெல்லிக்கு ஒன்பது பேரை அனுப்பினாங்க. தனி அணியா நின்ற காமராஜர் கட்சிக்கு ஓட்டுப் போட்ட லட்சக்கணக்கான மக்களுக்கு டெல்லியில் இருந்த ஒரே குரல் அவருடையது. அவங்க தோத்தாங்கன்னுகூட சொல்ல முடியாது. சபையைப் பொறுத்தவரை அவங்க இருந்ததே தெரியாமப் போயிருச்சு.

திண்டுக்கல், 1973 மே 20

1972 அக்டோபர்ல தி.மு.க.வில் இருந்து விலக்கப்பட்ட எம்.ஜி.ஆர். அ.தி.மு.க.வைத் தொடங்கினார். அந்தக் கட்சி சந்தித்த முதல் தேர்தல் திண்டுக்கல் மக்களவை இடைத்தேர்தல். வேட்பாளர் மாயத்தேவர். இரட்டை இலைச் சின்னம் முதன்முதலா களத்துக்கு வந்தது நம்ம திண்டுக்கல்லில்தான். அ.தி.மு.க. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட ஓட்டு வித்தியாசத்துல ஜெயிச்சது எல்லாருக்கும் தெரியும்.

ரெண்டாவது இடம் யாருக்குன்னு நம்மில் பல பேருக்குத் தெரியாது. ஆளும் தி.மு.க.வுக்கு இல்லை. காமராஜர் கட்சி நிறுத்திய என்.எஸ்.வி.சித்தனுக்கு. ஆளுங்கட்சி மூணாவது, இந்திரா காங்கிரஸ் நாலாவது.

காகிதத்துல பார்த்தா ஸ்தாபன காங்கிரஸுக்கு இது நல்ல முடிவு. ஆட்சியில இருக்கிற கட்சியையே முந்தியிருக்காங்க. ஆனா நடந்தது நேர்மாறு. தி.மு.க.வைப் பிடிக்காதவங்க இனிமே எந்தப் பக்கம் போகணும்னு அந்த ஒரு முடிவு காட்டிக் கொடுத்தது. தி.மு.க.வைத் தோற்கடிக்கணும்னா ஜெயிக்கக்கூடிய ஆளுக்குப் போடணும், காமராஜர் நல்லவர்தான், ஆனா அவருக்குப் போட்டா ஓட்டு வேஸ்ட்னு கணக்கு மாறிப்போச்சு. ரெண்டு கழகங்களுக்கு நடுவுல பெரிய வித்தியாசம் இருப்பதா காமராஜர் நினைக்கலை. எந்தப் பக்கமும் சாய மனசில்லாத அவரோட கட்சி நடுவுல நசுங்கியது.

1975 ஜூன்ல நெருக்கடி நிலை வந்தது. கூட இருந்த தலைவர்கள் பலர் சிறைக்குப் போனாங்க. உடம்பு தளர்ந்திருந்த காமராஜர் அதே வருஷம் அக்டோபர் 2, காந்தி ஜெயந்தி அன்னைக்கு சென்னையில் காலமானார். 1976ல் பாரத ரத்னா கொடுத்தாங்க. அதே வருஷம் அவர் கட்சியின் பெரும் பகுதி இந்திரா காங்கிரஸோட இணைஞ்சது.

ஏன் எப்பவும் ரெண்டு?

நம்ம பாஷையில சொன்னா, ஒவ்வொரு தொகுதியும் ஒரு கம்பாரேட்டர். உள்ளே போற சிக்னல் 51ஆ இருந்தாலும் 91ஆ இருந்தாலும் அவுட்புட் 1தான். 49 போனா 0. அந்த 49 என்ன ஆச்சுன்னு அவுட்புட்டைப் பார்த்துக் கண்டுபிடிக்கவே முடியாது. இப்படி 234 கம்பாரேட்டரை வரிசையா வெச்சு, அதோட அவுட்புட்டைக் கூட்டி, இதுதான் மக்கள் தீர்ப்புன்னு சொல்றோம். எரர் எவ்வளவுன்னு யாரும் கேட்கிறதில்லை.

இதோட விளைவை பிரெஞ்சு அரசியல் அறிஞர் மாரிஸ் துவர்ஜே 1950களிலேயே விளக்கியிருக்கார். ரெண்டு விஷயம் நடக்கும். முதல்ல, மூணாவது கட்சியோட ஓட்டு சீட்டா மாறாது. அடுத்து, அதைப் பார்த்த மக்கள் அடுத்த தடவை அந்தக் கட்சிக்குப் போடவே யோசிப்பாங்க. முதலாவது கணக்கு, ரெண்டாவது மனசு. 1971ல் காமராஜருக்கு நடந்தது முதலாவது. திண்டுக்கல்லுக்கு அப்புறம் நடந்தது ரெண்டாவது.

1977ல் நாலு முனைப் போட்டி. அ.தி.மு.க.வுக்கு 30 சதவீத ஓட்டு, 130 இடம், தனிப் பெரும்பான்மை. காங்கிரஸும் ஜனதாவும் தனித்தனியா வாங்கின ஓட்டைக் கூட்டினா 34 சதவீதம். கிடைச்ச இடம் ரெண்டுக்கும் சேர்த்து 37. பத்துல ஏழு பேர் வேற யாருக்கோ போட்டிருந்தும் ஒரே கட்சி ஆட்சி. அன்னையில இருந்து 2021 தேர்தல் வரைக்கும் ஆட்சிக்கு வந்தது ரெண்டு கழகங்கள்ல ஒண்ணுதான். மத்த கட்சிகள் இருக்கு, ஆனா பெரிய கட்சி கொடுக்குற தொகுதியில, சில நேரம் பெரிய கட்சியோட சின்னத்திலேயே நின்னுதான் உள்ளே போக முடியுது. தனியா நின்னா என்ன ஆகும்? 2021ல் நாம் தமிழர் கட்சி 234 தொகுதியிலும் நின்று சுமார் 6.6 சதவீத ஓட்டு, ஏறக்குறைய 30 லட்சம் ஓட்டு வாங்கியது. சீட்டு பூஜ்ஜியம். அந்தக் கட்சியோட கொள்கை உங்களுக்குப் பிடிக்குதா இல்லையாங்கிறது வேற விஷயம். 30 லட்சம் பேருக்கு சபையில் ஒரு நாற்காலிகூட இல்லைங்கிறதுதான் இங்கே கேள்வி.

ஒட்டன்சத்திரம்காரங்களுக்குப் புரியுற மாதிரி சொல்லலாம். நம்ம காய்கறி மார்க்கெட்ல ரெண்டே ரெண்டு மண்டி மட்டும் இருக்குன்னு வெச்சுக்குவோம். தக்காளிப் பெட்டியை இறக்குற விவசாயி இங்கே விலை சரியில்லைன்னா அங்கே போகலாம். அதுவும் சுதந்திரம்தான். ஆனா ரெண்டு மண்டியிலும் ஒரே விலை, ஒரே கமிஷன்னா? மூணாவது மண்டி திறக்கணும்னா ஏலத்துல பாதிச் சரக்கு முதல் நாளே எடுத்தாகணும், இல்லைன்னா கடையையே காலி பண்ணணும்னு விதி இருந்தா? நம்ம தேர்தல் விதி அப்படித்தான் இருக்கு. ரெண்டு பெரிய கட்சியும் ஒத்துப்போற விஷயம், ரெண்டு பேரும் தொட விரும்பாத விஷயம், சபையில் பேச்சுக்கே வராது. ஒருத்தர் மேல கோபம் வந்தா இன்னொருத்தருக்குப் போடுறோம். அஞ்சு வருஷம் கழிச்சு திரும்பி வர்றோம். தண்டிக்க முடியுது, ஆனா நமக்கு வேணும்ங்கிறதைச் சொல்ல முடியலை.

வேற வழி இருக்கா?

இருக்கு. பக்கத்துல இலங்கையையே பாருங்க. 1977 தேர்தல்ல அங்கே ஐக்கிய தேசியக் கட்சி சுமார் 51 சதவீத ஓட்டுக்கு 168ல் 140 இடம் பிடிச்சது. சுமார் 30 சதவீதம் வாங்கின சுதந்திரக் கட்சிக்கு 8 இடம்தான். ஆறு சதவீத ஓட்டு வாங்கியிருந்தாலும் வடக்கு கிழக்கில் செறிவா இருந்ததால தமிழர் விடுதலைக் கூட்டணிக்கு 18 இடம் கிடைச்சு, அமிர்தலிங்கம் எதிர்க்கட்சித் தலைவரானார். அந்த அசுர பலத்தை வெச்சுத்தான் ஜெயவர்த்தனா 1978ல் புது அரசியலமைப்பையே கொண்டு வந்தார். அதே அரசியலமைப்புலதான் விகிதாசாரத் தேர்தல் முறையும் வந்தது.

நியூசிலாந்துல 1981ல் சோஷியல் கிரெடிட் கட்சிக்கு 20 சதவீதத்துக்கும் மேல ஓட்டு, 92ல் ரெண்டே இடம். மக்கள் 1993ல் வாக்கெடுப்பு நடத்தி முறையையே மாத்திட்டாங்க. 1996ல் இருந்து ஜெர்மனி மாதிரி ரெண்டு ஓட்டு: ஒண்ணு தொகுதி வேட்பாளருக்கு, இன்னொண்ணு கட்சிக்கு. கட்சி ஓட்டோட சதவீதத்துக்குத் தகுந்த மாதிரி மொத்த இடம் அமையும். தொகுதிக்குன்னு ஒரு எம்.பி.யும் இருப்பார், ஓட்டும் வீணாகாது. ஜாதிக்கு ஒண்ணு, தெருவுக்கு ஒண்ணுன்னு கட்சிகள் முளைச்சிடாம இருக்க, 5 சதவீதமாவது வாங்கணும்னு ஒரு வரம்பு.

ஆட்சி நிலைக்காதுங்கிறது இதுக்கு எதிரா வைக்கிற முக்கியமான வாதம். அரசியல் நிர்ணய சபையில் இந்தக் கோரிக்கை வந்தப்போ, நிலையான அரசு வேணும், மக்களிடம் படிப்பறிவும் குறைவுன்னு அம்பேத்கர் ஏத்துக்கலை. அன்னைய நிலைமைக்கு அது நியாயமான கவலை. ஆனா இன்னைக்கு படிப்பறிவைக் காரணம் காட்ட முடியாது. அதுக்குக் காமராஜரே ஒரு காரணம். அதுமட்டுமில்லை, நம்ம எம்.எல்.ஏ.க்கள் மாநிலங்களவை உறுப்பினர்களைத் தேர்ந்தெடுக்கிறது விகிதாசார முறையிலதான். எம்.எல்.ஏ. ஓட்டு வீணாகக் கூடாதுன்னு நினைக்கிற அரசியலமைப்பு, நம்ம ஓட்டுக்கும் அந்த மரியாதையைக் கொடுக்கலாமே?

காமராஜர் ஜெயிச்சிருக்கணும்னு நான் சொல்ல வரலை. 1967லயும் 1971லயும் மக்கள் அவரை வேண்டாம்னுதான் சொன்னாங்க. அந்தத் தீர்ப்பு சரியா தப்பாங்கிறது வேற விவாதம். ஆனா ஆட்சியை இழக்குறதுக்கும் சபையில் இருந்தே துடைச்சுப் போடப்படுறதுக்கும் வித்தியாசம் இருக்கு. எதிர்த்தவரையும் சின்னக் கட்சியையும் அமைச்சரவையில் உட்கார வெச்ச ஒரு மனுஷன், கடைசியில தன் பின்னாடி 30 சதவீத மக்கள் நிற்க, தமிழ்நாட்டுல இருந்து தன் கட்சியோட ஒரே எம்.பி.யா மக்களவையில் உட்கார்ந்திருந்தார்.

நம்ம கிளாஸ்ல பாதிப் பேருக்கு அடுத்த சட்டமன்றத் தேர்தல்தான் முதல் சட்டமன்றத் தேர்தல். பிடிச்சவங்களுக்குப் போடு, ஆனா வேஸ்ட் பண்ணாதேன்னு வீட்டுல கட்டாயம் சொல்லுவாங்க. யாருக்கு வேணும்னாலும் போடுங்க. ஆனா ஒரு ஓட்டு எப்படி வேஸ்ட் ஆகும், அதை வேஸ்ட் ஆக்குறது போட்டவரா, விதியாங்கிற கேள்வியை மட்டும் அங்கேயே கேட்டு வைங்க.